6ஆம் தரத்திலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளுக்கும் சாப்பாடு கொடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் படிப்பிக்கிறேன். பாடசாலைச் சாப்பாட்டுக்கும் நான்தான் பொறுப்பு.

2024 முதல் அரசாங்கத்தின் உணவுத் திட்டம் தரம் 1 தொடக்கம் 5 வரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஆனது. அந்த ஆண்டு ஒரு சாப்பாட்டுக்கு 110 ரூபாய் ஒதுக்கினார்கள். எங்கள் பாடசாலையில் அது 61 பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. சோறு, பருப்பு, கீரை, சில நாள் முட்டை. ஆனால் 6ஆம் தரத்திலும் அதற்கு மேலும் 74 பேர் இருக்கிறார்கள். தம்பி சாப்பிடும்போது அக்கா தண்ணீர்க் குழாயடியில் போய் நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அதே 110 ரூபாய்க் கணக்கில் 74 பேருக்கு ஒரு நாளைக்கு 8,140 ரூபாய் வேண்டும். மாதம் 20 நாள் என்றால் 1,62,800. ஊரில் முக்கால்வாசிப் பேர் கூலி வேலை. பெற்றோரிடம் இதைக் கேட்க முடியாது.

சமைக்கும் தாய்மாருக்கு இருக்கிற காசே பிந்தித்தான் வருகிறது. அதுவரை கடைக்கொப்பியில் கடன். அவர்கள் தலையில் இன்னும் பாரம் ஏற்ற எனக்கு மனமில்லை.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எல்லாத் தரத்துக்கும் சாப்பாடு கொடுக்கும் பாடசாலைகள் இருந்தால், காசை எப்படிச் சேர்த்தீர்கள், கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்குத் திறப்பது சரியா? பழைய மாணவர்களிடம் காசாகக் கேட்பதா, அரிசி, தேங்காயாகக் கேட்பதா? அனுபவப்பட்டவர்கள் கீழே எழுதுங்கள்.