ஒட்டுண்ணி புகுந்த செல்லில் மரபணு மாற்றங்கள்: எது ஒட்டுண்ணியின் வேலை, எது செல்லின் எதிர்ப்பு?

கேள்வி:
மனித ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களில் டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற ஒருசெல் ஒட்டுண்ணியைச் செலுத்தி, 24 மணி நேரம் கழித்து எடுத்த, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. வரிசைத் தரவைத் தொற்றில்லாத செல்களின் தரவோடு ஒப்பிட்டு வருகிறேன். பல மரபணுக்களின் வெளிப்பாடு கூடியோ குறைந்தோ இருக்கிறது. இவற்றுள் ஒட்டுண்ணி தன் நலனுக்காக மாற்றியவற்றையும் செல் தற்காப்புக்காக இயக்கியவற்றையும் பிரித்தறிய வழி உண்டா?

மறுமொழி 1:
இரண்டு நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு பிரிக்க இயலாது. வெப்பத்தால் கொல்லப்பட்ட ஒட்டுண்ணியைச் சேர்த்த செல்களையும் ஒப்பீட்டில் சேருங்கள். அங்கும் மாறுபவை பெரும்பாலும் அந்நியப் பொருளை உணர்ந்த செல்லின் எதிர்வினையே. உயிருள்ள ஒட்டுண்ணியால் மட்டும் மாறுபவை ஆராயத்தக்கவை. எனினும், உள்ளே வளரும் உயிரி ஊட்டச்சத்தை உறிஞ்சுவதால் நேரும் பட்டினி விளைவும் அவற்றில் கலந்திருக்கும். அதே தட்டில் தொற்றாமல் எஞ்சிய செல்களைப் பிரித்தெடுத்தாலும் அவை தூய ஒப்பீடாகா. டாக்ஸோபிளாஸ்மா தான் நுழையாத செல்களுக்குள்ளும் புரதங்களைச் செலுத்துவதுண்டு.

மறுமொழி 2:
ஒட்டுண்ணியின் குறிப்பிட்ட புரதத்தை நீக்கிய வகையோடு ஒப்பிடுவதே என் பார்வையில் உறுதியான வழி. ஒட்டுண்ணி செலுத்தும் ராப்16 என்ற கைனேஸ் (பாஸ்பேட் சேர்க்கும் நொதி), ஓம்புயிர்ச் செல்லின் மரபணுக்களை இயக்கும் புரதங்களான ஸ்டாட்3, ஸ்டாட்6 ஆகியவற்றில் பாஸ்பேட்டைச் சேர்த்து அவற்றை இயக்குகிறது. அது நீக்கப்பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் மரபணுக்களை ஒட்டுண்ணியின் கணக்கில் தயங்காமல் எழுதலாம். இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: ஒட்டுண்ணியின் டிஜிஐஎஸ்டி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் சென்று, ஸ்டாட்1 இயக்க வேண்டிய மரபணுக்களை ஒடுக்குகிறது. ஸ்டாட்1-ஐத் தூண்டும் இன்டர்ஃபெரான் காமா என்ற தற்காப்புச் சமிக்ஞைப் புரதத்தைச் சேர்க்காத சோதனையில் அம்மரபணுக்கள் இயல்பாகவே அடங்கியிருப்பதால், அந்த ஒடுக்குதல் உங்கள் அட்டவணையில் தென்படாமலே போகக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒட்டுண்ணியின் ஆர்.என்.ஏ.வும் மாதிரியில் கலந்திருப்பது கணக்கீட்டைப் பாதிக்குமா?

மறுமொழி 3:
பாதிக்கும். இரு மரபணுத்தொகுதிகளையும் இணைத்த ஒரே ஒப்பீட்டு வரிசையோடு வரிசைத் துண்டுகளைப் பொருத்தி, மனிதத் துண்டுகளைத் தனியே பிரித்து, அவற்றின் மொத்தத்தைக் கொண்டே அளவைச் சீராக்குங்கள். ஒட்டுண்ணி பெருகப் பெருக மனிதத் துண்டுகளின் பங்கு குறையும் என்பதால், தொற்றிய மாதிரிகளை இன்னும் ஆழமாக (கூடுதல் துண்டுகள் கிடைக்கும்படி) வரிசைப்படுத்த நேரிடும். அதற்கும் முன்பாக, ஒட்டுண்ணி வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா கலந்திருக்கிறதா என்று சோதியுங்கள். அதுவே அழற்சி மரபணுக்களைத் தூண்டிவிடும்.