வெண்மணியும் ‘குருதிப்புன’லும்: நடந்ததை எவ்வளவு மாற்றலாம்?

வயல்வெளி: 1968 டிசம்பர் 25 இரவு, நாகை பக்கத்துக் கிராமமான கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். விவசாயத் தொழிலாளர்கள் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதில் நிலவுடைமையாளர்களான மிராசுதார்களோடு முற்றிய பகை. அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அந்த நாவலில் பண்ணையார் கண்ணையா நாயுடுவுக்கு ஆண்மைக்குறைவு. அவருடைய கொடூரத்துக்கு அதுவே வேர். எனக்கு மனசு ஆறவில்லை. நெல்லுக்காக நடந்த கொலையை ஏன் படுக்கையறைக்குள் கொண்டுபோக வேண்டும்?

பழைய வாசகன்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இது நாவல், விசாரணை அறிக்கை இல்லையே. கூலிச் சண்டையும் கதையில் இருக்கத்தானே செய்கிறது? கொளுத்துகிறவன் மனதுக்குள் செய்தித்தாள் நுழையாது, கதை நுழையும்.

வயல்வெளி: நுழையட்டும் ஐயா. ஆனால் நிஜத்தில் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று அமைப்பாகவே திரண்டு நின்றார்கள். ஒருவருடைய உடல் குறை அந்த ஒருவரைத்தான் விளக்கும். ஒரு சங்கத்தையே எப்படி விளக்கும்?

பழைய வாசகன்: சரி, அது நியாயமான கேள்வி. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. நாவல் மட்டும் அவர்களை விடவில்லை. டெல்லியிலும் சென்னையிலும் இருந்தவர்களுக்கு வெண்மணியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அதற்குப் பங்கு உண்டு.

நாகை வாசகி: என்னிடமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. கல்லூரியில் படித்தேன். பல வருடம் அந்தப் பண்ணையாருக்கு நிஜமாகவே அந்தக் குறை இருந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் வெண்மணி நினைவிடத்துக்குப் போய் 44 பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றுகூட எனக்குத் தெரிந்த பெயர் இல்லை. தெரிந்ததெல்லாம் கண்ணையா நாயுடு, டெல்லியிலிருந்து வந்த கோபால், சிவா. அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

பழைய வாசகன்: இதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. ஆனால் அந்த நாவலைப் படிக்காமல் இருந்திருந்தால் வெண்மணிக்குப் போயிருப்பீர்களா?

நாகை வாசகி: போயிருக்க மாட்டேன் ஐயா. என்னை அங்கே கூட்டிப்போன புத்தகமே காரணத்தை மாற்றிச் சொல்லிவிட்டதே என்றுதான் வருத்தம்.