ஒதுங்கலா, ஒதுக்கலா?

வணக்கம்.

செக்ரிகேஷன் (segregation, கலந்திருப்பவை தனித்தனியாகப் பிரிவது அல்லது பிரிக்கப்படுவது) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் 'பிரிகை' என்று ஒரே சொல் போதும் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் ஓடிவிடும். தமிழில் தானாக நடக்கும் தன்வினையா, ஒருவர் செய்யும் பிறவினையா என்று வினைச்சொல்லே கேட்டு நிற்கும்.

எனக்குப் பழகிய கட்டட வேலையிலிருந்து தொடங்குகிறேன். கான்கிரீட்டை உயரத்திலிருந்து கொட்டினால் ஜல்லி முந்திக்கொண்டு கீழே போகும், சாந்து பின்தங்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456 அதற்காகத்தான் 1.5 மீட்டருக்கு மேல் விழவிடாதே என்கிறது. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை ஒரே இடத்தில் நெடுநேரம் வைத்தாலும் இதே கதைதான். ஒருமுறை பலகையைக் கழற்றியபோது பில்லரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெறும் ஜல்லி. விரலை விட்டால் கம்பி தட்டுப்பட்டது. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "ஜல்லி தனியா ஒதுங்கிடுச்சு சார்" என்றார்.

நாம் தேடும் சொல் அவர் வாயில் இருந்தது. மழைக்கு ஒதுங்குகிறோம், கட்டை கரை ஒதுங்குகிறது. ஆகவே 'ஒதுங்கல்'. எஃகு வார்ப்புக்கும் இது பொருந்தும்: வெளிப்புறம் முதலில் உறைய, கந்தகமும் பாஸ்பரசும் கடைசியாக உறையும் நடுப்பகுதியில் போய்ச் சேர்கின்றன.

மரபியலில் மெண்டலின் விதியைத் தொட வேண்டாம். பாடநூலின் 'தனித்துப் பிரிதல் விதி' சரியாகவே இருக்கிறது. குப்பைக்கும் 'தரம் பிரித்தல்' தெருவரை வந்துவிட்டது.

சிக்கல் சமூகத்தில்தான். 'பிரிவினை' என்றால் சொத்தும் நாடும் நினைவுக்கு வரும். 'நிறவெறி' மனசில் இருப்பது. 1955-இல் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானபோது, யார் எங்கே உட்கார வேண்டும் என்பது சட்டமாகவே இருந்தது. ஓட்டுநர் தங்கமானவராக இருந்திருந்தாலும் சட்டம் அதேதான். ஆகவே செய்பவனைக் காட்டும் பிறவினை வேண்டும்: 'ஒதுக்கல்'. தென்னாப்பிரிக்காவின் அபார்ட்ஹைட்டுக்கு 'இனவொதுக்கல்' ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. நம்மூர் டீக்கடையின் தனிக் குவளையைப் பற்றி எழுதும்போது 'ஒதுங்கல்' என்று போட்டுவிட்டால், அவர்களாகவே விலகி நின்றதுபோல் ஆகிவிடும். ஓர் எழுத்தில் குற்றவாளி தப்பித்துவிடுவான்.

இட ஒதுக்கீட்டிலும் இதே வேர்தானே என்று கேட்பீர்கள். ஒருவருக்கு ஒதுக்குவது வேறு, ஒருவரை ஒதுக்குவது வேறு. வாக்கியத்தில் வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும். தலைப்பிலும் அகராதியிலும் உருபு வராது என்பதால், இனவொதுக்கல், சாதியொதுக்கல் என்று முன்னொட்டோடுதான் எழுத வேண்டும், தனியாக விடக் கூடாது.

அப்புறம் ஒரு சந்தேகம். மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் தூள் அடிக்குப் போய்க் கடலை மேலே வருகிறதே, அதையும் ஒதுங்கலில் சேர்க்கலாமா? புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் எல்லாம் கை செய்யும் வேலை. தானாக நடப்பதற்கு அரிசி ஆலைப் பக்கம் ஏதாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.