இரண்டாவது பேட்ச் இல்லாத ஆய்வகம்

குழு: நம் குடும்பம்

அம்மா: பாப்பாவின் துறையிலிருந்து வருகைப் பதிவு வந்திருக்கிறது. வேதியியல் ஆய்வகத்தில் நடந்த 10 வகுப்புகளில் 7 வகுப்புகளுக்குத்தான் போயிருக்கிறாள். 75 விழுக்காடு இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு எழுத விட மாட்டார்கள். இந்தப் பருவத்துக்கு அவளுடைய 400 மீட்டர் தடை ஓட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் சொல்லுங்கள்.

நான்: அந்த மூன்று நாளும் போட்டிக்குத்தான் போனேன் அம்மா. பெரிய பல்கலைக்கழகமாக இருந்தால் செவ்வாயன்று விட்ட சோதனையை வியாழனன்று இன்னொரு பேட்ச்சோடு சேர்ந்து செய்துவிடலாம். எங்கள் வகுப்பில் மொத்தமே 22 பேர் என்பதால் ஒரே பேட்ச்தான். மீதமுள்ள 5 வகுப்புகளுக்கும் போனால் 15-க்கு 12 வந்துவிடும். ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டி அவற்றில் ஒரு செவ்வாயன்று வருகிறது. அதையும் விட்டால் 11தான், 75-ஐத் தொடாது.

அத்தை: போட்டிக்குப் போன நாளை வருகையாகவே கணக்கிட ஓ.டி. கொடுத்திருப்பார்களே?

நான்: நான் போட்டி முடிந்து திரும்பிய பிறகுதான் கடிதம் கொடுத்தேன் அத்தை. முன்பே தந்திருக்க வேண்டும் என்று சொல்லி, துறையில் ஏற்க மறுத்துவிட்டார்கள்.

அம்மா: இரவு ஒரு மணி வரை ஆய்வக ரெக்கார்டு எழுதிவிட்டு ஐந்தரைக்கு மைதானத்துக்கு ஓடுகிறாள். உடம்பு எதற்கு ஆகும்?

நான்: அம்மா சொல்வது உண்மைதான். இரண்டு தடைகளுக்கு நடுவே இருக்கும் 35 மீட்டரை நான் 17 ஸ்டெப்பில் கடப்பேன். தூங்காத அன்று எட்டாவது தடைக்கு முன்னால் அது 18 ஆகி, கால் மாறி, முழங்காலை இடித்துக்கொண்டேன். அன்றைக்கே ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டிய பியூரெட் குழாயைத் திறந்த கை நடுங்கி, இளஞ்சிவப்பில் நிற்க வேண்டிய கரைசல் அடர்சிவப்பாகிவிட்டது.

பெரியப்பா: முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், தூக்கத்தைக் குறைக்கவும் வேண்டாம். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய 55.42 விநாடியை, 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் சமன் செய்வதற்கு 39 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு கடினமான ஓட்டம் இது. வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சியை விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆய்வகத்துக்கு முந்தைய இரவு பத்து மணிக்குப் படுத்துவிடு. சிறிய பல்கலைக்கழகத்தில் இன்னொரு பேட்ச் இல்லை என்பது குறைதான், ஆனால் துறைத் தலைவருக்கு உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். போட்டி அட்டவணையோடு நாளைக்கே போய் அவரைப் பார். ஊருக்குக் கிளம்பும் முன் கையெழுத்து வாங்கிவிடு.

(மறுநாள் மாலை)

நான்: பெரியப்பா, அந்தச் செவ்வாய்க்கு ஓ.டி. கையெழுத்தாகிவிட்டது. பழைய மூன்று நாட்களுக்குக் கிடைக்காதாம். விட்ட சோதனைகளைச் சனிக்கிழமைகளில் ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கும்போது வந்து செய்துகொள்ளச் சொன்னார். உடற்கல்வி இயக்குநரிடம் திங்கள், செவ்வாய் காலைப் பயிற்சிக்கு விடுப்புக் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, மாலையில் வரச் சொல்லிவிட்டார்.

அம்மா: சரி பாப்பா. முழங்காலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.