எச்பிவி தடுப்பூசி: பள்ளியில் போட்டுக்கொள்ளாதவர்களை எட்டுவது எப்படி?

கேள்வி: மலர், ஈசூன்

எங்கள் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் தொண்டூழியராக இருக்கிறேன். பாலுறவால் பரவிக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கு எதிரான தடுப்பூசி பற்றித் தமிழில் ஓர் உரை ஏற்பாடு செய்யலாமா என்று பேச்சு எழுந்துள்ளது. சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவியருக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடப்படும் நிலையில், இன்னும் விடுபட்டிருப்பவர்கள் யார், அவர்களை எட்ட உரைதான் தக்க வழியா என்பது என் ஐயம். "பிள்ளைக்குப் பதின்மூன்று வயதுதான், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்னும் தாய்மாருக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1: ஒரு தாதி

மலர் அக்கா, அந்தப் பேச்சை நானும் அடிக்கடி கேட்கிறேன். ஒப்புதல் தராத தாய்மாரில் பலர் தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் அல்லர், தள்ளிப்போடுபவர்கள். அவர்களிடம் கணக்கைச் சொல்லுங்கள். 9 முதல் 14 வயது வரை உடலின் எதிர்ப்புத் திறன் நன்றாக எழும்புவதால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போதும். 15 வயதிலோ அதற்குப் பின்னோ தொடங்கினால் மூன்று ஊசி போட வேண்டும். அதோடு, உடலில் ஏற்கெனவே நுழைந்துவிட்ட கிருமியை இந்த ஊசி விரட்டாது என்பதால், கிருமி நெருங்குவதற்கு வெகு முன்பே போடுவதுதான் முறை. "போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டால் தாய்மார் ஒப்புதல் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "அவங்க அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். "இந்த வயதில் போட வேண்டிய புற்றுநோய்த் தடுப்பூசி இது, ஏதாவது ஐயம் உண்டா?" என்று தொடங்கினால் பேச்சு வேறு திசையில் போகும்.

பதில் 2: செங்காங் வாசி

உரையில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வருபவர்களில் பெரும்பாலோர் பேரன் பேத்தி எடுத்தவர்களாகவே இருப்பார்கள். (பாட்டி சொன்னால் வீட்டில் எடுபடும் என்பது வேறு.) உண்மையில் விடுபட்டவர்கள், 2019-க்கு முன்பே உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்ட இளம் பெண்களும், பிற்பாடு இங்கே குடியேறியவர்களும்தான். 26 வயது வரை மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தலாம் என்பதும், தகுதியுள்ள சிங்கப்பூரர்களுக்கு சாஸ் (சமூக சுகாதார உதவித் திட்ட) மருந்தகங்களில் மானியம் உண்டு என்பதும் அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. காய்ச்சலுக்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்க வரும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம் மருத்துவர் ஒரு வரி கேட்டால், அது நூறு சுவரொட்டிக்குச் சமம். செயற்குழு வட்டார மருத்துவர்களிடம் இதைக் கோரலாமே.

பதில் 3: மூன்று பெண்களின் தந்தை

வாட்ஸ்அப் வதந்திகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கவிளைவு குறித்த செய்திகள் பரவியதையடுத்து ஜப்பானிய அரசாங்கம் 2013-இல் தன் நேரடிப் பரிந்துரையை நிறுத்தி வைத்தது. எழுபது விழுக்காட்டளவில் இருந்த தடுப்பூசி விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. பாதுகாப்பானது என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் அந்தப் பரிந்துரை மீண்டும் நடைமுறைக்கு வர 2022 ஆகிவிட்டது. ஆகவே கேள்வி கேட்கும் பெற்றோரை அறியாதவர் என்று ஒதுக்காமல், ஊசி போட்ட இடத்தில் வலி வரலாம், சிலருக்கு மயக்கம் வரலாம், அதனால்தான் சிறிது நேரம் உட்கார வைக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மலர், ஈசூன்

அனைவருக்கும் நன்றி. உரைக்குப் பதிலாக, வட்டார மருந்தகங்களுக்கு ஒரு கடிதமும் இருபது வயதைக் கடந்த பெண்களுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் தயாரிக்கலாம் என்று குழுவிடம் சொல்லப்போகிறேன்.

பதில் 1: ஒரு தாதி

அந்தக் குறிப்பில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், அக்கா: ஊசி போட்டிருந்தாலும் 25 முதல் 29 வயது வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் (கருப்பைவாய் உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும்) சோதனையும், 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனையும் செய்துகொள்ள வேண்டும். எழுதியதும் அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.