மறு: ஸ்டேண்ட் யுவர் கிரவுண்ட் – ‘விலகாத் தற்காப்பு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். தாக்க வருபவரிடமிருந்து விலகிப்போகாமல் நின்ற இடத்திலேயே சுட்டுத் தற்காத்துக்கொள்ளலாம் என்னும் அமெரிக்க மாநிலச் சட்டம்தான் ‘ஸ்டேண்ட் யுவர் கிரவுண்ட்’. அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்ற நம் விவாதத்தில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘புறங்கொடா உரிமை’ என்று வைக்கலாமே. சுருக்கமாக இருக்கிறது, கம்பீரமாகவும் இருக்கிறது.

ஐயா, அந்தக் கம்பீரம்தான் எனக்கு இடிக்கிறது. போர்க்களத்தில் முதுகு காட்டாதவனைப் போற்றிய மரபு நம்முடையது. ‘புறங்கொடா’ என்றதுமே படிப்பவர் மனம் சுட்டவர் பக்கம் சாய்ந்துவிடும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களும் அப்படியொரு வீர முழக்கத்தோடுதான் அதைப் பரப்பினார்கள். கலைச்சொல் அவர்களுக்குத் துணைபோகக் கூடாது.

சட்டத்தின் சாரம் இதுதான். பாதுகாப்பாக விலகிப்போக வழி இருந்தால் விலக வேண்டும், உயிரெடுக்கும் வன்முறை கடைசி வழி என்பது அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருந்த பழைய நெறி. சொந்த வீட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 2005இல் புளோரிடா அந்த விலக்கைத் தெருவுக்கும் நீட்டியது. அதற்கு முன்னின்று உழைத்தது, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கம். உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் ‘நியாயமாக நம்பினால்’ போதும், விலக வேண்டியதில்லை.

அந்த ‘நியாயமாக’ என்ற இடத்தில்தான் நிறம் உள்ளே வருகிறது. யாரைப் பார்த்து வரும் பயத்தை ஜூரிகள் நியாயம் என்பார்கள்? 2012 பிப்ரவரியில் சான்ஃபோர்டு நகரில், கையில் ஆயுதம் எதுவும் இல்லாத டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனை ஜார்ஜ் சிம்மர்மன் சுட்டுக் கொன்றார். அவருடைய வழக்கறிஞர்கள் வழக்கமான தற்காப்பு என்றுதான் வாதிட்டார்கள். ஆனாலும், விலகும் கடமை இல்லை என்ற வாசகம் ஜூரிகளுக்குத் தந்த அறிவுறுத்தலில் இருந்தது. 2013இல் அவர் விடுதலையானார். அதே புளோரிடாவில் மரிஸ்ஸா அலெக்சாண்டர் என்ற கறுப்பினப் பெண், தன்னை மிரட்டியதாக அவர் சொன்ன கணவர் இருந்த பக்கம் ஒருமுறை சுட்டார். யாருக்கும் காயமில்லை. இதே சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டார், கிடைக்கவில்லை. 2012இல் 20 ஆண்டுச் சிறை! அப்புறம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, 2015இல்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

1967இல் கறுஞ்சிறுத்தைகள் (பிளாக் பாந்தர்ஸ்) என்ற கறுப்பின உரிமை அமைப்பினர் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்ததையும் நினைத்துப் பாருங்கள். பொது இடத்தில் குண்டேற்றிய துப்பாக்கியோடு நடமாடுவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் அந்த ஆண்டே கையெழுத்திட்டார். துப்பாக்கி கறுப்பினத்தவர் கையில் இருந்த அன்று, இதே தேசிய ரைபிள் சங்கம் தடையின் பக்கம் நின்றது.

ஆகவே முழக்கத்தை மேற்கோளாகக் காட்டும்போது ஒலிபெயர்ப்பே இருக்கட்டும். சட்டத்தை விளக்கும் இடத்தில் ‘விலகாத் தற்காப்பு’ என்போம். ‘உன் நிலத்தில் நில்’ என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது ஏதோ பட்டா தகராறு போல இருக்கிறது, வேண்டாம்.

> ‘விலகாத் தற்காப்பு’ என்றால் நம்மைவிட்டு நீங்காத தற்காப்பு என்று பொருள் வராதா?

தனியாக நின்றால் வரலாம், சரிதான். ‘விலகும் கடமை’ என்பதை முதலில் விளக்கிவிட்டு இதைத் தந்தால் அந்தக் குழப்பம் வராது. ‘பின்வாங்காத் தற்காப்பு’ இன்னும் தெளிவு என்றாலும் படை, போர் வாடை அதிலும் அடிக்கிறது.

வீட்டுக்குள் மட்டும் செல்லும் பழைய விலக்கான கேசில் (கோட்டை) டாக்டரினுக்கு ‘இல்லத் தற்காப்பு நெறி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘கோட்டை’ என்ற சொல்லை அதில் விட்டுவிட்டது சரியா? சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.