40 கேபி ஃபைல்ல எப்படிங்க முழு மரியோ இருக்கும்?

கோத்தகிரி_குளிரு:
அண்ணா, மூணு நாளா மழை, வெளிய தல காட்ட முடியல, சரினு பரண்ல இருந்து பழைய டிவி கேம் பெட்டிய எறக்கினேன். கேசட் பின் எல்லாம் பச்சை பூத்து கெடக்கு, நம்மூரு ஈரத்துக்கு வேற எப்படி இருக்கும். ஊதி ஊதி போட்டும் வெறும் கோடுதான் வருது. மச்சான் ஒரு பென்டிரைவ் குடுத்தான், அதுல சூப்பர் மரியோ வெறும் 40 கேபினு காட்டுது. என் போன்ல எடுக்கற ஒரு போட்டோவே 3 எம்பி! டூப்ளிகேட்டா, வைரஸா? டபுள் கிளிக் பண்ணா எதுல தொறக்கணும்னு கேக்குது. இன்னொன்னு பிளேஸ்டேஷன் கேமு, பின் (.bin), க்யூ (.cue)னு ரெண்டு ஃபைலு, பேரு கண்டபடி இருந்துச்சுனு மாத்தி வெச்சேன், ஓடவே மாட்டேங்குது.

பழைய_கேசட்டு:
அளவே அவ்ளோதான் தம்பி. கேசட் உள்ள இருக்கற சிப்புல என்ன இருக்கோ அத அப்படியே காப்பி எடுத்ததுதான் ரோம் ஃபைல். (நம்மூரு கேசட்ட பிரிச்சா சிப்பு இருக்காது, கருப்பா ஒரு பொட்டு இருக்கும், அதான் அது.) 1985ல வந்த மரியோல புரோகிராம், பாட்டு, ஸ்டேஜ் எல்லாம் சேர்த்து 32 கேபி, படத்துக்கு 8 கேபி. முன்னாடி 16 பைட் சீட்டு ஒட்டியிருக்கும், என்ன வகை போர்டுனு எமுலேட்டருக்கு (கேம ஓட்டற சாஃப்ட்வேர்) சொல்ல. ரைட் கிளிக் பண்ணி பாரு, 40,976 பைட் வரும்.
போட்டோ மாதிரி முழுப் படமா வெச்சா பத்தாதுல்ல, அதனால குட்டி குட்டி துண்டா வெச்சு திரும்பத் திரும்ப அடுக்குவாங்க. மேகமும் புதரும் ஒரே துண்டுதான், கலர் மட்டும் வேற, போய் உத்துப் பாரு! கேமோட புரோகிராம் அந்தக் காலத்து சிப்புக்கு எழுதினது, உன் லேப்டாப்புக்கு புரியாது, நடுவுல அந்தப் பெட்டி மாதிரியே நடிக்கறதுதான் எமுலேட்டர். ரெட்ரோஆர்ச்னு ஒரு எமுலேட்டர் ஆப் இருக்கு, அதுல இந்தப் பெட்டிக்கான எஃப்சியூஎம்எம்ங்கற கோர் (core) போட்டு தொற.

கட்டபெட்டு_ஆளு:
பேரு மாத்தினதுதான் ப்ரோ பிரச்சனை. கேமு இருக்கறது பின்ல, அது எந்த ஃபைலுனு சொல்ற சீட்டுதான் க்யூ. அத நோட்பேடுல தொறங்க, முதல் வரில பின் ஃபைலோட பழைய பேரு இருக்கும், அங்கயும் மாத்துங்க. அப்புறம் 512 கேபில பயாஸ்னு ஒன்னு (பிளேஸ்டேஷன ஸ்டார்ட் பண்ற அதோட சொந்த புரோகிராம்) வேணும், நெறைய எமுலேட்டர் அது இல்லாம ஸ்டார்ட்டே ஆகாது. எமுலேட்டர் வெச்சிருக்கறது தப்பில்ல, ஆனா மச்சான் பென்டிரைவ் சட்டப்படி சரி கெடையாது, காப்பிரைட் சட்டம் 52ம் பிரிவுல முறையா வாங்கின புரோகிராம சொந்தத்துக்கு காப்பி எடுத்துக்கலாம்னு இருக்கு, ஆனா நாம வாங்கின கேசட்டே கள்ளக் கேசட்டாச்சே 😂

கோத்தகிரி_குளிரு:
ரெண்டும் ஓடுதுங்ணா! ஆனா மரியோ சின்ன வயசுல ஆடினதவிட வேகமா ஓடற மாதிரி இருக்கு, எனக்கு வயசாயிடுச்சா?

பழைய_கேசட்டு:
வயசு இல்ல 😄 ஜப்பான், அமெரிக்கால டிவில செகண்டுக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும், நம்ம டிவிக்கு வந்த டூப்ளிகேட் பெட்டிங்க பெரும்பாலும் 50, கேமு ஃபிரேம எண்ணித்தான் நகரும். நாம ஆடினதே ஆறுல ஒரு பங்கு மெதுவா, பாட்டும் இழுத்துட்டுதான் வந்துருக்கும். அந்தப் பழைய வேகம் வேணும்னா செட்டிங்ல ரீஜன் போயி டெண்டினு (50 ஃபிரேம்ல ஓடற டூப்ளிகேட் பெட்டி வகை) மாத்து. கேசட்ட ஊதாத, எச்சில் பட்டு இன்னும் பச்சை ஏறும், பென்சில் ரப்பர் வெச்சு மெதுவா தேய்.